நாற்பத்தெட்டாம் நாள் ஜாக்கெட்

சீனிச்சாமியை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். காமயகவுண்டன்பட்டியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தார். அன்றைக்கும் ஒல்லி, இன்றைக்கும் ஒல்லி. டிரில் வகுப்பில் கால்சட்டை நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடியவர் அவர். அப்படிப்பட்ட மனுஷர், 'நூற்றுப்பத்து கிலோ இருந்த நான் இன்று ஐம்பத்தாறு கிலோ' என்று உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பேனர் வைத்தார். நான் சிரித்தேன். அவரோடு கோலி விளையாடியவர்களோ, "இருந்திருப்பாரு, நம்மதான் கவனிச்சிருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள்.

வைத்தியர் ஆவதற்கு முன்னால் அவர் ஆகாதது எதுவும் இல்லை. திராட்சைக்கு அடிக்கிற மருந்துக்கு ஏஜென்ட். பிறகு ஈமு கோழி. அது போனதும், படுத்தால் முதுகுவலி பறந்துவிடும் என்று காந்தப் படுக்கை. கொரோனா வந்த வருஷம் கபசுரக் குடிநீரைப் பொட்டலம் போட்டு விற்றார். அது ஒன்றுதான் ஓடியது. அங்கேதான் அவருக்கு ஞானம் பிறந்திருக்க வேண்டும். காய்ந்த செடியை இடித்துப் பொட்டலம் கட்டினால் எவரும் 'இது என்ன' என்று கேட்பதில்லை; 'எத்தனை வேளை' என்றுதான் கேட்கிறார்கள்.

அவர் விற்ற பவுடருக்குக் 'கொடியிடைச் சூரணம்' என்று பெயர். கொள்ளு, கடுக்காய், தான்றிக்காய், நெல்லி வற்றல், நத்தைச்சூரி விதை, குமுளியிலிருந்து வாங்கிவந்த கொடம்புளி. இதில் எதன் மேலும் எனக்குப் பகை இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று அவர் பேனரில் போட்டது ஊரே சொல்கிற வார்த்தைதான். கடுக்காய் தின்றால் வயிறு இளகும், அதுவும் தெரிந்ததுதான். கூடவே ஒரு சீட்டுக் கொடுப்பார். ராத்திரி சோறு கூடாது, இனிப்புக் கூடாது, காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அந்தச் சீட்டில் உள்ளபடி நடந்தால் பவுடரே தேவையில்லை, எருமைகூட இளைக்கும். எங்கள் பெண்கள் சீட்டை அடுப்படியில் செருகிவிட்டுப் பவுடரை மட்டும் தின்றார்கள்.

எடை மிஷினில் ஏறக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். "மிஷினு தண்ணியையும் சேத்து நிறுக்கும். ஒடம்புக்குப் பொய் சொல்லாத ஒரே சாட்சி ஒங்க ஜாக்கெட்டுதான்" என்பார். வைத்தியம் தொடங்குகிற நாளில் உடம்பைப் பிடிக்கிற ஒரு ஜாக்கெட்டை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதைக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, சாமி படத்துக்குக் கீழே வைப்பார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அது அங்கேயே இருக்கும். நாற்பத்தெட்டாம் நாள் எல்லாரையும் கூட்டிவைத்து அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்த அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தொளதொளத்தது. ஒருத்திக்குக்கூடத் தப்பவில்லை.

எப்படித் தப்பும்? பிரித்துவிட்டது நான்.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் என் தையல் கடை. இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களுக்குத் தைக்கிறேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேரின் மார்பும் இடுப்பும் எத்தனை அங்குலம் என்று அவர்கள் புருஷனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அளவுக்கு என்று ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது மூன்று வருஷத்துக்கு முந்தியதாக இருக்கும். "இதே அளவுக்குத் தைங்கக்கா" என்பார்கள். தைத்துக் கொடுத்தால், "என்னக்கா, டைட்டா தச்சுட்டீக" என்று திரும்பி வருவார்கள். சதை போட்டது அவர்கள், குற்றம் என் டேப்பில். இருபத்திரண்டு வருஷத்தில் 'நான் பெருத்துட்டேன் மெகராசக்கா' என்று ஒருத்தி, ஒரே ஒருத்தி, என் கடைப்படியில் ஒப்புக்கொண்டது கிடையாது.

சீனிச்சாமி ஒரு நாள் மத்தியானம் ஏழு கவர்களோடு வந்தார்.

"மெகராசு, இதெல்லாம் ஒன் கையி தச்சதுதான. ரெண்டு பக்கமும் ஒரு தையலப் பிரிச்சுவிட்டு, பழைய தடம் தெரியாம தேச்சுக் குடு."

"எதுக்குண்ணே? அவுக கேட்டாகளா?"

"அவுக கேக்க மாட்டாக. அதான்த்தா வைத்தியம்."

ஜாக்கெட்டின் பக்கவாட்டில் நாங்கள் ஒரு தையலோடு விடுவதில்லை. உள்ளே துணி விட்டு, பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு ஓட்டுவோம். பின்னால் உடம்பு போட்டால் முதல் கோட்டைப் பிரித்தால் போதும், அடுத்தது தாங்கும். சுற்றளவில் ஓர் அங்குலம் கூடும். பிரித்த இடத்தில் ஊசித் தடம் தெரியும்தான். ஈரத்துணி வைத்து அழுத்தித் தேய்த்தால் முக்கால்வாசி மறையும். மீதி கால்வாசியைப் பார்க்க மனசு வேண்டும், அந்த மனசு அவர்களுக்கு இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. டேப்பைத் திட்டியவர்களுக்கு அந்த டேப்பாலேயே பதில் சொன்ன சந்தோஷம். போதாததற்கு, இளைத்துவிட்டதாக நம்பிய ஒவ்வொருத்தியும் புதுச்சேலையோடு வந்து என் கடையில்தான் நின்றாள். நானும் ஏழு கவரைப் பிரித்தேன், பிறகு பத்து, பிறகு இருபது. மொத்தம் அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்த நாற்பத்தெட்டாம் நாள் கூத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தேன். சீனிச்சாமி வீட்டு முன்னறையில் பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாவு மில் வைத்திருக்கிற பஞ்சம்மாள் உள்ளே போய் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, கக்கத்துக்குக் கீழே இரண்டு விரலை விட்டுக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பஞ்சம்மாள் அழுதாள். அவளுக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டது சீனிச்சாமியின் மனைவி யுவராணி. யுவராணிக்கும் நான்தான் தைக்கிறேன். நாற்பத்தாறு அங்குலம். வைத்தியர் பெண்டாட்டி ஏன் இளைக்கவில்லை என்று அந்த முப்பது பேரில் ஒருத்தி கேட்டிருக்கலாம். கேட்டால் கனவு கலைந்துவிடுமே, யார் கேட்பார்கள்?

முத்துப்பேச்சியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். திராட்சைத் தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்குக் கூட்டிப் போகிறவள். நாற்பத்தெட்டு வயது, நாற்பத்துநான்கு அங்குலம், ஆறு வருஷமாகச் சர்க்கரை, அதற்குத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. மூத்த மகன் கல்யாண ஆல்பத்தில் அவள் பாதி ஆளாகத்தான் இருக்கிறாள். மேடையில் இடம் போதவில்லை என்று போட்டோக்காரன் ஓரத்தில் நிறுத்தி, அப்புறம் அந்த ஓரத்தையும் வெட்டிவிட்டான். பெற்ற தாய்க்கு ஒரு தோளும் ஒரு காதும் மிச்சம். அதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆவணியில் இளைய மகனுக்குக் கல்யாணம். அதற்குள் இளைத்துவிட வேண்டும் என்று தை மாதம் சூரணம் தின்னத் தொடங்கினாள். முதல் மண்டலம் முடியப் போகிற சமயம் அவள் ஜாக்கெட்டும் என்னிடம் வந்தது. எல்லாருக்கும் போல அதையும் பிரித்தேன்.

சித்திரை கடைசியில் அவளே கடைக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டும், பழைய அளவு வேண்டாம், புதிதாக எடு என்றாள். டேப்பைப் போட்டேன். முப்பத்தொன்பது. நான் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இறக்கி மறுபடி போட்டேன். அதே முப்பத்தொன்பதுதான். நான் பிரித்துவிட்டது ஜாக்கெட்டை, உடம்பை அல்ல. உடம்பில் ஐந்து அங்குலம் எங்கே போயிற்று?

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுசாகக் குடித்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது கால் சுண்டுவிரலில் ஒரு துணிச் சுற்று.

"என்னாச்சு காலுல?"

"தோட்டத்துல முள்ளு குத்துச்சு. ஒரு மாசமா ஆற மாட்டேங்குது. விடுக்கா, அது கெடக்கு."

"தண்ணி ரொம்ப குடிக்கிற போல."

"ராவும் பகலும் தாகம்தான். கழிவு வெளிய போகுதுன்னு சீனிச்சாமி அண்ணே சொன்னாக. அதுலயும் பாரு, கக்கூஸ்ல எறும்பா மொய்க்குது. மருந்துல கருப்பட்டி கலக்குறாகளோ என்னமோ."

என் கையில் டேப் அப்படியே நின்றது. எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர், சர்க்கரையில் போனவர். எங்கள் வீட்டுக் கழிப்பறையிலும் எறும்பு மொய்த்தது. அவருக்கும் முதலில் உடம்பு இளைத்தது, பிறகு கால் போனது.

"மாத்திரை போடுறியா இல்லியா?"

"நிறுத்தி மூணு மாசமாச்சு. இங்கிலீசு மருந்தும் நாட்டு மருந்தும் ஒரே வயித்துல சேராதுன்னு சொல்லிட்டாக."

"முத்துப்பேச்சி, இது மருந்து வேல செய்றதில்ல. சர்க்கரை ஏறிக் கெடக்கு. இன்னைக்கே போயி ரத்தம் குடுத்துப் பாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "எனக்கு மட்டும் எளைச்சா நீ சொல்றது சரி. பஞ்சம்மா எளைச்சிருக்கா. அறுவது பேரு எளைச்சிருக்காக. அத்தன பேருக்குமா சர்க்கரை? ஒனக்குப் பொறாமக்கா, ஒன்னும் நெனச்சுக்காத" என்று சொல்லிவிட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த அறுபது பேரும் என் பிளேடு முனையில் இளைத்தவர்கள். அதை அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் கடையைப் பூட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம், வேறு யாரையாவது விட்டுச் சொல்லலாம் என்று ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. சீனிச்சாமியை நான் எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் அந்தப் பத்து நாளுக்கு எனக்கு நானே என்ன பேர் வைத்துக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

எட்டாம் நாள் சீனிச்சாமி புதுக் கவர்களோடு வந்தார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டமாம். கம்பத்திலிருந்தும் கெங்குவார்பட்டியிலிருந்தும்கூடப் பெண்கள் வருகிறார்களாம்.

"முத்துப்பேச்சிய மேடையில ஏத்துறேன். மாத்திரைய நிறுத்திட்டேன், எளைச்சும் போனேன்னு அந்தம்மா வாயாலயே சொல்லுவாக. இனிமே சர்க்கரைக்கும் நம்ம சூரணம்தான்த்தா."

"அண்ணே, அவளுக்கு ஒடம்பு சரியில்ல. பாத்தா தெரியல?"

"தெரியுது. அதுக்குத்தான மருந்து குடுக்குறேன்" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஜாக்கெட்டில் ஏமாற்றுகிறோம் என்று தெரியும், ஆனால் மருந்தும் வேலை செய்கிறது என்று அவரே நம்பினார். தான் கட்டிய கதையில் தானே குடியேறிவிட்ட மனுஷரிடம் என்ன பேச முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கொடுத்த கவர்களையும் பிளேடையும் டேப்பையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். நூற்றைம்பது பேர் இருந்தார்கள். மேடையில் முத்துப்பேச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அவள் படம், பழசும் புதுசும். நான் பாட்டுக்கு மேடையில் ஏறினேன். டெய்லரும் வாழ்த்திப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து யுவராணி மைக்கைக் கொடுத்தாள்.

எனக்கு மேடையில் பேசத் தெரியாது. பஞ்சம்மாள் பெயர் எழுதிய கவரை எடுத்தேன். ஜாக்கெட்டை உள்புறமாகத் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன். "இது பஞ்சம்மா ரெண்டாம் மண்டலத்துக்குக் குடுத்தது. நாளைக்கு இப்பிடித்தான் எளைக்கப் போறா" என்று சொல்லி, பிளேடை வைத்து ஒரு கோட்டைப் பிரித்தேன். நூல் பிரிகிற சத்தம் மைக்கில் கேட்டது. "ஒங்க அறுவது பேரு ஜாக்கெட்டையும் நான்தான் பிரிச்சேன். ஒருத்தரும் எளைக்கல."

சீனிச்சாமி மேல் செருப்பு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பஞ்சம்மாள் எழுந்தாள். விரலை நீட்டினாள், என்னைப் பார்த்து.

"ஏண்டி, நாங்க நல்லாருக்கது ஒனக்குப் பொறுக்கலியா?"

அதற்குப் பின்னால் வந்த ஏச்சுகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் எனக்குத்தான். ஏமாற்றியவரை விட்டுவிட்டு எழுப்பியவளை அடிக்கிற ஊர் இது. சீனிச்சாமி ஓரமாக நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முத்துப்பேச்சி மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். அவள் முகம் விழுந்துபோயிருந்தது. "அப்ப நான் எளைக்கவே இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

சாகக் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? டேப்பை எடுத்து அவள் மார்பைச் சுற்றிப் போட்டு எண்ணை அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன். பத்து நாளில் இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தது.

"இத்தன பேருல நீ ஒருத்திதான் எளைச்சிருக்க. அதுக்குத்தான் நான் இங்கன வந்து அசிங்கப்படுறேன். கெளம்பு."

அவள் டேப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஆட்டோவில் போகும்போது இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூற்றிருபது என்றார்கள். கால் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா, "ஒரு பத்து நாளைக்கு முன்னால கூட்டிட்டு வந்திருந்தா வெரலக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், கூட வந்தவள் நான் என்பதால். அந்தப் பத்து நாள் எந்தப் பத்து நாள் என்று அவருக்குத் தெரியாது. சுண்டுவிரலை எடுத்தார்கள். உயிர் நின்றது.

சீனிச்சாமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் வெளியே தலை காட்டவில்லை. இப்போது முடி வளர்கிற எண்ணெய் விற்கிறார். அவருக்கு முன்வழுக்கை, அதையும் எவரும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பேனரில் எண்ணெய்ப் படம் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில், அந்தக் கூட்டத்துக்காக ஒட்டிய முத்துப்பேச்சியின் பழைய படம் பாதி தெரிகிறது. என் கடைக்கு நாலு மாதம் ஈ காக்கை வரவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். பஞ்சம்மாள் ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "நாத்தனா ஊர்லருந்து வாரா. அன்னைக்கு மாதிரியே ஒரு தையலப் பிரிச்சுக் குடு. அந்தக் கசப்ப முழுங்காம நேரா ஒங்கிட்டயே வந்திருக்கலாம்" என்றாள். இவர்களை என்ன செய்வது?

முத்துப்பேச்சி ஐப்பசியில் வந்தாள். நடையில் லேசாக ஒரு சாய்வு. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள், முகத்தில் சதை திரும்பியிருந்தது. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கால் முடியாததால் மேடையில் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் அவள் முழுசாக இருந்தாள். பிறகு பையிலிருந்து அந்தப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டாள்.

"என்ன தச்சிருக்க நீ? கைய உள்ள விட முடியல. பக்கம் பூராப் புடிக்குது. இத்தன வருசமா தைக்கிற, ஒழுங்கா அளவெடுக்கத் தெரியல."

இருபத்திரண்டு வருஷமாக நான் வெறுத்த பேச்சு அது. அவளைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஜாக்கெட்டை உள்புறமாகத் திருப்பிப் பிளேடை எடுத்தேன். இந்தத் தடவை அவள் பார்க்கப் பார்க்கப் பிரித்தேன்.